நிலாவெளியில் பூப் போட்ட கதிரை

வவுனியாவில் இருந்து ஒரு தேக்குக் கதிரையைச் சுமந்துகொண்டு நிலாவெளிக்குப் போய்வந்தேன். அது என் கணவர் சாய்ந்து இருக்கும் கதிரை. அவர் கட்டாரில். மூன்று வருட ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. கொம்பனி இன்னும் இரண்டு வருடம் கேட்கிறது. ‘வாங்கோ’ என்று சொல்ல எனக்குப் பயம். வந்து வேலை கிடைக்காவிட்டால்? சொல்லாமல், கதிரையில் அவருக்குப் பிடித்த செவ்வரத்தைப் பூவை வரைவித்துப் படம் அனுப்பலாம் என்று கிளம்பினேன்.

போன வெள்ளி காலை ஐந்தரை பஸ். சனமோ சனம்.

“கதிரையோட வந்து நிண்டுகொண்டு வாறியளே அக்கா! அதிலயே இருங்கோவன்,” என்று கொண்டக்டர் சிரித்தார்.

“அது அவரின்ர,” என்றேன். ஹொரவப்பொத்தானையில்தான் சீற் கிடைத்தது. திருகோணமலையில் இருந்து நிலாவெளிக்கு ஓட்டோ 1500 ரூபாய், பேரம் பேசித்தான்.

யோகா அக்கா வள்ளங்களுக்கும் அலுமாரிகளுக்கும் பூ வரைபவர். கதிரையைப் பார்த்ததும், “ஆளைக் கொண்டுவந்து இருத்துங்கோ,” என்றார். “முதுகு உரசிற இடத்தில பூப் போட்டால் கெதியா அழிஞ்சுபோகும். சாயிற இடத்தை நான் விட்டுத்தான் வரையிறனான்.”

“ஆள் கட்டாரில.”

“அப்ப போனில கூப்பிடுங்கோ.”

வீடியோவில் கூப்பிட்டேன். கட்டாரில் என் கணவரின் அறையில் கதிரை இல்லை. கட்டிலில் இருந்து சுவரில் சாய்ந்து காட்டினார். “வீட்டில இருக்கிற மாதிரிச் சாயுங்கோ தம்பி,” என்றார் யோகா அக்கா. தலை மெல்ல இடப்பக்கம் சரிந்தது. அப்படித்தான் அவர் சாய்வார் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். அழுதுவிட்டேன். அக்கா கதிரையில் சோக்கால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார்.

பெயின்ற் காய்ந்ததும் வீடியோவில் காட்டினேன்.

“நடுவில ஏன் பூ இல்லை?”

“அது நீங்கள் சாயிற இடம்.”

போனைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு, “நான் இன்னும் சைன் வைக்கேல்லை,” என்றார்.

“வையாதேங்கோ. வாங்கோ.” வாயில் இருந்து வந்தேவிட்டது.

“ஓம்,” என்றார். ரிக்கற்றைக் கண்ணால் கண்டபிறகுதான் நம்புவேன்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மத்தியானக் காற்றில் மண் வந்து பூவில் ஒட்டும். காய இரண்டு நாள் பிடிக்கும். தங்க அறை 3500 ரூபாய். முடிந்தால் கதிரையில் இருக்கப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

திரும்பும்போதும் சனம். அதே கொண்டக்டர், அதே சிரிப்பு. சிரிக்கட்டும். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.