மெம்பரையாவின் ஞாயிற்றுக்கிழமைக் கேள்விகள்

டில்லி சட்டசபையில் மூன்று வருஷம் இருந்துவிட்டு, அடுத்த தேர்தலில் தோற்று ரங்கூனுக்குத் திரும்பியபோது எங்கள் வக்கீலையா முன்னாள் மெம்பர். ஊரார் வாயில் அந்த 'முன்னாள்' நுழையவே இல்லை. "பழைய குடையையும் நான் குடைன்னுதானே கூப்பிடுறேன்?" என்றார் மூலைக் கடைக்காரர். ஆகவே மெம்பரையாதான்.

நான் அவருடைய குமாஸ்தா. பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டியவன்.

டில்லியில் மெம்பர்கள் கேள்வியை முன்னதாகவே எழுதிக் கொடுப்பார்களாம். சர்க்கார் எழுந்து நின்று பதில் சொல்லுமாம். ஐயா அந்தப் பழக்கத்தைத் தம் வீட்டு வராந்தாவுக்குக் கொண்டுவந்தார். சனிக்கிழமை வந்து என்னிடம் சொன்னால் எழுதிவைப்பேன். ஞாயிறு காலை நான் வாசிக்க, அவர் நின்றபடி பதில் சொல்வார். மறுபடியும் தேர்தலுக்கு நிற்க அவருக்கு ஆசை. ஓட்டுள்ள அரிசி வியாபாரிகள் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அது பனிக்காலம். ஆற்றிலிருந்து எழுந்த வெண்மை தெருவையே கரைத்துவிடும். முதலில் குரல் வரும், பிறகு தலைப்பாகை, அப்புறம்தான் ஆள். நானே அந்த நாட்களில் பாதித் தூக்கத்தில் நடந்தது போலத்தான் நினைவு.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை எதிர்க்கரை டாலாவிலிருந்து சாம்பான் படகில் ஆற்றைக் கடந்து ஒரு பால்கார அம்மாள் வந்தாள். "எழுதுங்க தம்பி. எங்க படகுத் துறையில படி இல்ல. சேத்துல வழுக்கி எங்க வீட்டுக்காரர் இடுப்பு போச்சு. டில்லியில கேக்கறேன்னு மெம்பரையா சொல்லிட்டுப் போனாரே, கேட்டாரா?"

அன்று மாலை ஐயா அதை இரண்டு முறை வாசித்தார்.

"பரிசீலனையில இருக்குன்னு சொல்லிடலாங்க. சர்க்காரும் அதைத்தானே சொல்லும்" என்றேன்.

அவர் தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் நான் வாசித்து முடித்ததும் எழுந்தார். "எழுதிக் கொடுத்தேன், அம்மா. அன்றைக்கு என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே இல்லை. குளிர் தாங்காமல் வெளியே புல்தரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். ஆள் இல்லையென்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்."

முன் வரிசை குலுங்கிச் சிரித்தது. "வெயில் காய அவ்வளவு தூரம் போவானேன்? நம்ம நெல் களத்துலயே காயலாமே!"

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "வெயில் நல்லாருந்துச்சுங்களா?"

"நல்லாத்தான் இருந்தது."

"அப்ப நாளைக்கு நம்ம பக்கம் வாங்க. தண்ணி வத்துற நேரத்துல வாங்க, அப்பத்தான் சேறு தெரியும்."

போனோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று ஐயா கயிற்றால் கரையை அளந்தார். எதிர்க்கரையில் ரங்கூன் பனியில் மிதந்தது. யாரோ கண்ட கனவை நாங்கள் எட்டிப் பார்ப்பது போல. அன்றைக்கே துறைமுக ஆபீசுக்கு மனு எழுதினோம்.

சொத்தில்லாத டாலாக்காரர்களுக்கு ஓட்டுக் கிடையாது. சிரித்தவர்களுக்கு இருந்தது. சில வாரம் கழித்து, தேர்தலில் வேறொருவரை நிறுத்த அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்ற சேதியைத் துறைமுக ஆபீஸ் வராந்தாவில்தான் ஐயாவிடம் சொன்னேன். மனு என்ன ஆயிற்று என்று கேட்கக் காலையிலிருந்து அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அப்படியா" என்றார்.

"பசிக்குதுங்களே, போய்ச் சாப்பிட்டு வந்துடலாமா?"

"நீ போய்ச் சாப்பிடுப்பா. எந்த நிமிஷமும் கூப்பிடுவார்கள். நான் இங்கேயே இருக்கிறேன்."