பாதி அபராதம் என்று நான் சொன்ன சாட்சி

அன்பான சபையாருக்கு ஆசீர் எழுதுகிறேன். போன ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையில் நான் எழுந்து நின்று ஒரு சாட்சி சொன்னேன். நீங்கள் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சி பொய். பொய் சொல்ல வேண்டும் என்று நான் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் அது பொய்தான். அதைக் கேட்டதால் நம்மில் ஒருவருடைய வண்டி கைவிட்டுப் போக இருந்தது. அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அந்த வண்டிதான் சோறு. அதை ஆண்டவர் எப்படிக் காப்பாற்றிக் கொடுத்தார் என்பதுதான் இந்தச் சாட்சி. சந்தோஷமாக எழுத வேண்டியது. ஆனால் கை ஓட மறுக்கிறது.

அன்றைக்கு வராதவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அப்பா ஆரணிப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். இப்போது அத்திப்பட்டில் ஒப்பந்தக் கூலி. அம்மா சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். டிப்ளமோ முடித்து, சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். அதனால் சபையில் யாருக்குப் போனில் எது வந்தாலும் என்னிடம் நீட்டுவார்கள். கேஸ் புக்கிங், ஆதார், பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பம். “இத்த இன்னான்னு பாரு தம்பி” என்பார்கள். நானும் பார்ப்பேன். எனக்கு அது பெருமையாக இருந்தது.

ஜூலை கடைசியில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கக் கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போனேன். மருந்துக் கடைக்கு எதிரே வரிசையாகப் பைக்குகள் நிற்கும். அங்கே ஒருவர் மஞ்சள் டோக்கன் கிழித்துக் கொடுத்துக் காசு வாங்குவார். நானும் கொடுத்தேன். நிறுத்தக் கூடாது என்று அங்கே ஒரு பலகையும் இல்லை. மறுநாள் போனில் செய்தி வந்தது. தடை செய்த இடத்தில் வண்டி நிறுத்தியதற்கு அபராதம்.

டோக்கனை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன்.

“அண்ணே, உங்கிட்ட டப்பு குட்த்துட்டுதான வண்டிய வுட்டேன்? இப்ப ஃபைன் வந்துகீது பாரு.”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வண்டி காணாப் பூடாம பாத்துக்கறதுக்குத்தான் நைனா காசு. போட்டோ புடிக்கிறவன் கையப் போயி நான் புடிக்க முடியுமா?”

பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், “படிச்ச புள்ளயாட்டம் கீற, டோக்கன்ல இன்னா போட்டுகீதுன்னு பாக்கலியா?” என்றார். திருப்பிப் பார்த்தேன். வண்டிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அச்சடித்திருந்தது.

அபராதத்தைவிட அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுட்டது. வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். “ஆண்டவரே, இது அநியாயம். எனக்கு நியாயம் செய்யும்” என்று கேட்டேன். எழுந்து போனில் தேடினேன். முதலில் வந்த தளத்தைத் தொட்டேன். மேலே அரசுச் சின்னம் மாதிரி ஒன்று இருந்தது. ‘தவறான பார்க்கிங் அபராதமா? இன்றே பாதித் தொகையில் முடித்துக்கொள்ளுங்கள்’ என்று தமிழிலேயே எழுதியிருந்தது. தமிழில் இருந்ததே ஆண்டவர் என்னிடம் பேசியது போலத் தோன்றியது. பாதியைக் கட்டினேன். ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் ரசீது வந்தது.

கம்பெனியில் ஒரு பீஸைக்கூட அளவு பார்க்கும் கேஜில் நுழைத்துப் பார்க்காமல் நான் பாஸ் போட்டது கிடையாது. இதை நான் எதிலும் வைத்துப் பார்க்கவில்லை. ஜெபம் முடிந்த கையோடு வந்ததல்லவா, அப்படியானால் பதில்தான் என்று நானே முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். அநியாய அபராதத்தைக் கர்த்தர் பாதியாக்கினார், வழியும் காட்டினார் என்றேன். அல்லேலூயா என்று சபையே சத்தமிட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தாசன் அண்ணன் என் தோளில் கை போட்டார். அவரை உங்களில் பலருக்குத் தெரியும். எளாவூர்க்காரர். சொந்தமாக ஒரு ‘குட்டி யானை’ மினி லாரி வைத்துக் கம்பெனிகளுக்கு லோடு அடிப்பவர். சின்ன வண்டிகள் நிற்கப் பல கம்பெனிகளில் உள்ளே இடம் கிடையாது. கேட்டில் கூப்பிடும்வரை ரோட்டோரம்தான் நிற்க வேண்டும். அங்கே நின்றதற்கே அவருக்கு அபராதத்துக்கு மேல் அபராதம் சேர்ந்திருந்தது.

“கூப்புடற வரைக்கும் வண்டிய எங்க வெச்சிக்கறது, தலையிலயா?” என்றார். “இத்தினி நாளா இத்த ஏன் நீ சொல்லவே இல்ல? எனக்கும் போட்டு வுடு தம்பி.”

எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சபை வாட்ஸ்அப் குழுவில் அந்த லிங்க்கைப் போட்டேன். அவரிடம், “ஒண்ணும் பேஜாரு இல்லண்ணே. அதுவே கேக்கும். கேக்கறதுக்கெல்லாம் ஓகே ஓகேன்னு அமுத்திக்கினே போங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க முடியுமானால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவர் மனைவி கன்னியம்மா அக்கா போன் செய்தார். “தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். காத்தாலேர்ந்து மெசேஜ் மேல மெசேஜ் வருது. இந்த மனுசன் வண்டிக்குள்ள பூந்துக்கினு வாயே தொறக்க மாட்றாரு.”

அனுமதி கேட்டுக்கொண்டு ஓடினேன். நெடுஞ்சாலையை ஒட்டிய அவர் வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், ஓட்டப் போகிறவர் மாதிரி. ஏறி அருகில் உட்கார்ந்தேன். அவர் போனை வாங்கிப் பார்த்தேன். நிறைய அபராதம் இருக்கிறது, அதனால் இந்த ஆப்பை ஏற்றிக்கொள் என்று அந்தத் தளம் கேட்டிருக்கிறது. நான் சொன்னபடியே அவர் ஓகே அமுத்தியிருக்கிறார். அந்த ஆப் வழியாக அவர் வங்கிக் கணக்கைத் துடைத்துவிட்டார்கள்.

“எவ்ளோண்ணே?”

“எல்லாம்.”

வண்டிக் கடனுக்கு மாத டியூ கட்ட வைத்திருந்தது. மழைக்கு முன்னால் வீட்டுக்கூரைக்குப் புது ஷீட் போடச் சேர்த்து வைத்திருந்தது. இரண்டுமே அந்தக் கணக்கில்தான் இருந்தன.

“போன மாசம் இவளுக்கு காச்சல்னு ஒரு டியூ நின்னு போச்சு. இந்த மாசமும் நின்னா வண்டிய இட்டுக்கினு பூடுவாங்க” என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

“ரோட்ல எவனாச்சும் சொல்லிருந்தா நாலு பேரக் கேட்டுருப்பேன் தம்பி. நீ சபையில நின்னுக்கினு ஆண்டவர் பேரச் சொன்ன. அதுக்கு மேல யாரப் போயி கேக்கறது?”

எனக்கு அழுகைகூட வரவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்தபடியே சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசினேன். பிறகு இருவரும் வங்கிக்கு ஓடினோம். அங்கே இருந்த மேடம், கடைசியாகப் போன தொகை மட்டும் ஒரு கணக்கில் இன்னும் நிற்பதாகவும், அதை நகராமல் பிடித்து வைக்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அதுவும் கைக்கு வர நாளாகும். முன்னால் போனதெல்லாம் போனதுதான். காவல் நிலையத்தில் புகார் எழுதிக்கொண்ட பெண் போலீஸ் உண்மையான தளத்தைத் திறந்து என் பைக் நம்பரையும் போட்டுப் பார்த்தார். என் அபராதம் முழுசாக அப்படியே நின்றது.

“நீங்க கட்டினது எவனுக்கோ தம்பி” என்றார்.

மறுநாள் காலை ஷிப்ட் மணி அடிக்கும் முன், கம்பெனி சைக்கிள் ஷெட்டில் நின்று ஜெபித்தேன். நியாயம் செய்யும் என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டே இரண்டு கேட்டேன். தாசன் அண்ணன் வண்டி போகக் கூடாது. என் வார்த்தையை நம்பி இன்னொருவர் விழக் கூடாது. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

குழுவில் எச்சரிக்கை போட்டேன். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே அது கீழே போய்விட்டது. பாஸ்டர் ஐயாவிடம் போய், உபவாச ஜெபத்தில் நீங்களே ஒரு வார்த்தை அறிவித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். மறுபடி அந்த இடத்தில் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

“சாட்சி சொன்னது நீ. நான் எப்டிப்பா அத்த வாபஸ் வாங்கறது?” என்றார் ஐயா.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்றேன். நான் சொன்னது தவறு, அந்தத் தளம் கள்ளத்தளம், தாசன் அண்ணன் பணம் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா எழுந்தார்.

“ஐயோ தம்பி! காத்தாலதான் அந்த ஆப்ப ஏத்திக்கினு வந்தேன். சாயங்காலம் பையன் வந்தா பேங்க் நம்பர் போடலாம்னு வெச்சிக்கீறேன்!”

ஜெபத்தின் நடுவிலேயே அவர் போனை அணைத்தோம். பிறகு அந்த ஆப்பை எடுத்துவிட்டு, வங்கியிலும் சொல்லி வைத்தோம். ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்தது அந்தக் கணக்கில் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. நான் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தால் அன்று சாயங்காலம் என்ன ஆகியிருக்கும்?

சனிக்கிழமை தாசன் அண்ணனும் நானும் வண்டிக்குக் கடன் கொடுத்த பைனான்ஸ் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருப்பவர் கறாரானவர் என்று பேர். படியேறும்போது அண்ணன் வண்டிச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். கேட்டால் கொடுத்துவிடத் தயாராக வந்தவர் மாதிரி இருந்தது எனக்கு. நான் வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே புகார் நகலை நீட்டினேன். அந்த மனிதர் அதை இரண்டு முறை படித்தார்.

“எங்க மாமியாரு இதே மாரிதான். கரண்டு பில்லு பாக்கின்னு எவனோ லிங்க் அனுப்ச்சான், அதும் ஓகே அமுத்திச்சு. இன்னிக்கு வரைக்கும் ஊட்ல நான் அத்தத் திட்டிக்கினு கீறேன்” என்றார். காகிதத்தை மறுபடி பார்த்தார். “இனிமே திட்டக் கூடாது போல. போங்க, வண்டிய ஓட்டுங்க. நின்னத சேத்து ரெண்டு மாசத்துல கட்டிடணும்.”

வெளியே வந்ததும் அண்ணன் படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொல்லப் பயமாக இருந்தது. மனதுக்குள் சொன்னேன்.

பிடித்து வைத்த பணம் அக்டோபரில் வந்தது. நின்ற டியூவுக்கும் நடப்பு டியூவுக்கும் சரியாக இருந்தது. கேட்ட இரண்டையும் ஆண்டவர் கொடுத்தார். கூரைக்கு எதுவும் மிஞ்சவில்லை. மழை வந்துவிட்டது. நானும் அப்பாவும் போய் அவர் வீட்டுக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டினோம். என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஷீட்டுக்குக் கொடுக்கிறேன் என்று மேலே நின்றபடி சொன்னேன்.

“நீ ஒண்ணும் திருடல தம்பி. அந்தப் பேச்சு இப்ப வாணாம். கயித்த நல்லா இழுத்துக் கட்டு” என்றார் கீழிருந்து.

என் அபராதத்துக்கு உண்மையான தளத்தில் ஆட்சேபம் எழுதிப் பார்த்தேன். பலகை இல்லாத இடத்தின் படத்தையும் வைத்தேன். ஏற்கவில்லை. முழுசாகக் கட்டினேன். அது இன்னும் எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் முன்பு போல எரிச்சல் வருவதில்லை. இப்போது யாராவது போனை நீட்டினால், இது சரி என்று நான் சட்டென்று சொல்வதில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன். அதைச் சொல்லப் பழக எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

போன மாதம் தாசன் அண்ணனுக்கு மறுபடி ஒரு அபராதச் செய்தி வந்தது. ஆராதனை முடிந்து என்னிடம்தான் வந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. கை நீட்டினேன். அவர் போனைக் கொடுக்கவில்லை.

“நீ படிக்காத. நான் படிக்கிறேன். நீ நின்னு கேளு.”

அண்ணன் பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் முன்னால் போகும் லாரியின் நம்பர் பிளேட்டைப் பார்த்துப் பார்த்தே ஆங்கில எழுத்துகளைப் பழகியவர். விரலை வைத்து, ஆந்திரா வண்டி நம்பர் படிப்பது போல அந்த முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். அரசாங்கத் தளம் என்றால் கடைசியில் வர வேண்டிய எழுத்துகளைப் போலீஸ் மேடம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவை வந்ததும் நிமிர்ந்தார். “சரியாத்தான கீது?” என்றார். சரிதான் அண்ணே என்றேன். அவர் சிரித்தார். என்னால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. முன்பெல்லாம் பார்க்காமலே என் கையில் கொடுத்த போன் அது.

அன்பானவர்களே, பிரச்சினையில் இருக்கிறீர்களா, ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் கொடுக்கிறார், நான் பார்த்தேன். கறாரான மனிதர் மனதையும் இளக வைக்கிறார். ஆனால் கண்ணை மூடி ஜெபித்த பிறகு கண்ணைத் திறக்க மறக்காதீர்கள். வந்ததெல்லாம் அவர் அனுப்பியது என்று அவர் பேரில் கையெழுத்துப் போடாதீர்கள், என்னைப் போல.

இந்தச் சாட்சியையும் நான் சொல்வதால் நம்ப வேண்டாம். எளாவூருக்குப் போங்கள். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும்போதே நீலத் தார்ப்பாய் போட்ட வீடு தெரியும். வாசலில் வண்டி நிற்கும். அண்ணனையே கேளுங்கள். அவர் சொல்வார்.