பயம் வராத பேய்ப்படம்

கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் போகும் டவுன் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். கறுப்பு புர்கா, தடித்த கண்ணாடி. மடியில் ஜப்பானியப் பேய்க்கதைப் படப்புத்தகம். கையிலிருந்த போனில் அதே கதையின் அனிமே, ஜப்பானியக் கார்ட்டூன் தொடர், ஓடிக்கொண்டிருந்தது. அதை மோசமாக எடுத்துவிட்டார்கள் என்று இணையமே திட்டிக்கொண்டிருந்த நேரம். நானும் திட்டியவள்தான். அவர் படத்தை அடிக்கடி நிறுத்தி, புத்தகத்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடவிட்டார்.

“முதல் எபிசோடு மட்டும்தான் நல்லாருக்குக்கா. அப்புறம் எல்லாரும் மரப்பொம்மை மாதிரி நடக்குறாங்க,” என்றேன்.

“ஆமாம்மா,” என்றார். “குவைத்துல ஒரு வீட்டுல வேலை பார்த்தேன். அந்த வீட்டுப் பொண்ணு வேண்டாம்னு போட்ட புத்தகம் இது. எழுத்து புரியாது, படத்தைப் பார்த்தே நடுங்குவேன். அந்தக் கொஞ்ச நேரம் அந்த வீட்டுக்காரங்க மேல உள்ள பயம் மறந்துடும்.”

“இந்தப் படம் பயமுறுத்தவே இல்லல்ல?”

“இல்லம்மா. ஆனா ஊருக்கு வந்தப்புறம் புத்தகத்தைப் பார்த்தாலும் பயம் வரல. அப்புறம் படத்தை மட்டும் எப்படித் திட்டுறது?”

வலங்கைமானில் இறங்கிப் போய்விட்டார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.