மூவருக்கு ஒரே கிண்ணம்

காலை 10.20, தெற்கு லண்டன், மிச்சம்.

ஜப்பானுக்குப் போகாமலே ஜப்பானிய முறைப்படி இனிப்பும் தேநீரும் சாப்பிடலாம் என்று என் மகள் அபி ஈலிங்கில் மூன்று பேருக்கு இடம் பதிந்து தந்திருந்தாள். ஒருவருக்கு நாற்பத்திரண்டு பவுண், இரண்டு மணி நேரம். லண்டனைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்காக நடத்தப்படுவது இது. நான் இந்த ஊரில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். அந்தச் சனிக்கிழமை வீட்டில் இருந்து உடுப்புத் தோய்ப்பதுதான் என் திட்டம்.

மூன்று பேர் என்றால் நான், என் கணவர், என் அண்ணை. கணவரை வீட்டில் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இங்கேயும் 'இவர்' என்றே எழுதுகிறேன். அண்ணை ஜேர்மனியில் இருந்து நான்கு நாள் பயணமாக வந்திருந்தார். தங்குவது என் வீட்டில் இல்லை, கிங்ஸ்பரியில் ஒரு சிநேகிதர் வீட்டில். அந்தச் சிநேகிதருக்கு எங்கள் தெருமுனையில் கடை. காலையில் கடைக்கு வந்த அவருடைய காரில் அண்ணையும் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். கிங்ஸ்பரியில் இருந்து ஈலிங் கூப்பிடு தூரம். ஆனால் அவருக்கு லண்டன் ரயில்களில் தனியாகப் போக நம்பிக்கை இல்லையாம். ஆகவே நகரத்தின் தெற்கு மூலைக்கு வந்து, எங்களைக் கூட்டிக்கொண்டு, திரும்ப மேற்கே போகவேண்டும்.

தோளில் ஒரு பை. பைக்குள் ஒரு சுடுதண்ணீர்ப் போத்தல். தேநீர் குடிக்கப் போகிற மனிதர் கையோடு தேநீர் கொண்டு வந்திருந்தார்.

"இருங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன்" என்றேன்.

"வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சனான்."

இந்த வசனத்தை நான் இருபத்தாறு வருடமாகக் கேட்கிறேன். இவர் எங்களுடைய சாதியில்லை. இதை மூடி மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் கலியாணத்துக்கு அண்ணை வரவில்லை. பிறகு அபி பிறந்ததும் மனம் மாறி வரத் தொடங்கினார். இது ஐந்தாவது தடவை. வருவார், கதிரையின் நுனியில் இருப்பார், பிள்ளைக்குச் சொக்கிலேற் கொடுப்பார். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார். கேட்டால் இப்பதான் குடிச்சனான், இப்பதான் சாப்பிட்டனான். குடிக்கமாட்டேன் என்று ஒரு நாளாவது சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். சண்டைக்கும் இடம் தராத மனிதரோடு என்னதான் செய்வது?

11.05, ட்ராம்.

வழி கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். மிச்சம் நிறுத்தத்தில் ட்ராம் ஏறினால் ஆறாவது நிறுத்தம் விம்பிள்டன். கட்டணம் ஒரு பவுண் எழுபத்தைந்து. அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏர்ல்ஸ் கோர்ட், அங்கே மாறி ஈலிங் கொமன். நடையும் காத்திருப்புமாக ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அண்ணை கூட வந்தால் இன்னும் ஒரு மணி நேரம் மாதிரித் தெரியும்.

ட்ராமில் எதிரெதிரே நான்கு இருக்கைகள். அண்ணைக்கு நேர் எதிரே இவர், முழங்கால் முட்டுகிற தூரத்தில்.

"எத்தினையாம் ஸ்டேசனிலை இறங்கிறதெண்டு அவரிட்டைக் கேள்" என்றார் அண்ணை, என்னைப் பார்த்து.

இவருக்குக் காது நன்றாகக் கேட்கும். "ஆறாவது, அண்ணை" என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"ஜேர்மனியிலை எண்டா எல்லாம் போட்டிலை வடிவா எழுதியிருக்கும் எண்டு சொல்லு."

நான் சொல்லவில்லை. ட்ராமுக்குள்ளும் அதே விபரம் ஒரு பலகையில் ஒளிர்ந்துகொண்டுதான் இருந்தது. அண்ணைக்கு இவரோடு நேரே கதைத்துப் பழக்கமில்லை. எல்லாம் என் வழியாகத்தான் போகவேண்டும். நான் இரண்டு பக்கத்துக்கும் தபால்காரி. அதை விட என்னை எரிச்சல்படுத்துவது இவருடைய அந்தச் சிரிப்பு. ஒரு தடவையாவது கோபப்படுங்கள் என்று எத்தனை இரவு சொல்லியிருப்பேன். "பெரிய மனுசன், விடும்" என்பார்.

புட்னியில் ரயில் தேம்ஸ் ஆற்றைக் கடக்கிறது. இடதும் வலதும் தண்ணீர் விரிந்து, படகுகள் கட்டிக்கிடக்க, இந்தப் பயணத்திலேயே கண்ணுக்குக் குளிர்ச்சியான ஒரு நிமிடம் அது. அந்த நிமிடத்தில் அண்ணை போத்தலைத் திறந்து தன் தேநீரைக் குடித்தார்.

12.50, ஈலிங்.

நிலையத்தில் இருந்து ஒன்பது நிமிட நடை. செங்கல் வீடு, மேல்மாடியில் ஆறு பாய் விரித்த ஒரு சிறிய அறை. ஆசிரியை அறுபது வயது மதிக்கத்தக்க ஜப்பானியப் பெண்மணி. சாம்பல் நிறக் கிமோனோ, தெளிவான மெதுவான ஆங்கிலம். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அண்ணை முழங்கால் நோவோடு குனிய ஏலாமல் நாடாவோடு போராடினார், நான் குனிந்து அவிழ்க்க உதவினேன். அதற்குள் இவர் உள்ளே போய்விட்டார்.

அங்கேதான் சனி பிடித்தது. முதலில் நுழைகிறவர்தான் முதல் விருந்தாளியாம். சித்திர எழுத்துத் தொங்குகிற சுவருக்குப் பக்கத்தில் உள்ள கௌரவ இடம் அவருக்கு. இவர் பதறிப்போய் எழுந்து, "அண்ணை, நீங்கள் இதிலை இருங்கோ" என்றார். ஆசிரியை கையால் அமர்த்திவிட்டார். கடைசி விருந்தாளிக்கு எழும்பி இருந்து செய்கிற வேலைகள் உண்டு, முழங்கால் நோவுள்ளவரால் முடியாது, ஆகவே ஐயா நடுவில் இருக்கட்டும் என்று ஒரு சின்ன முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். இவர், அண்ணை, நான். இதுதான் வரிசை. அண்ணையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாயின் துணிக்கரையை மிதிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அண்ணை இரண்டு தடவை மிதித்தார்.

1.25. முதலில் இனிப்பு.

கருமையான தட்டில் ஆளுக்கொன்று. அவித்த வெள்ளை அவரையை மசித்து, சீனி சேர்த்துப் பிசைந்து, இளஞ்சிவப்பில் ஒரு பூவாக மடித்திருந்தார்கள். உள்ளே சிவப்புப் பயற்று விழுது. மோதகத்தின் உள்ளீட்டில் தேங்காயும் ஏலக்காயும் இல்லாவிட்டால் எப்படியோ அப்படி. மெல்லிய ருசி. சின்ன மரக்குச்சியால் வெட்டி மெதுவாகச் சாப்பிடவேண்டும். தேநீர் கசக்கும், அதற்கு முன்னேற்பாடாகத்தான் இந்தத் தித்திப்பு என்று ஆசிரியை விளக்கினார்.

அண்ணைக்கு நீரிழிவு. என் வீட்டில் ஒரு மாரி பிஸ்கற்றைக்கூட 'எனக்குச் சீனி' என்று தள்ளிவைக்கிறவர். இங்கே முழுப் பூவையும் நான்கு வெட்டில் முடித்தார்.

"திறமாயிருக்கு" என்றார்.

இருபத்தாறு வருடம் நான் சுட்ட பணியாரம் எல்லாம் கண்முன் வந்து போயின.

1.50.

இந்த அனுபவத்தில் முக்கியமான கட்டம் இதுதான். சாதாரணமாக ஆளுக்கொரு கிண்ணத்தில் நுரைத்த தேநீர் தருவார்களாம். இன்று எங்களுக்குக் கெட்டித் தேநீர். அதற்கு ஒரே கிண்ணம். ஒருவர் மூன்று வாய் குடித்து, விளிம்பைத் துடைத்து, அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும்.

"முன்பின் தெரியாதவர்களுக்கு இப்படிக் கொடுப்பதில்லை" என்றார் ஆசிரியை. "நீங்கள் ஒரே குடும்பம் என்று பதிவில் இருந்தது. அதனால்தான்."

அபியை மனதுக்குள் திட்டினேன். ஒரே குடும்பமா என்ற கேள்விக்குச் சரியென்று அடையாளம் போட்டது அவள்தானே.

பச்சைத் தூளைக் கரண்டி கரண்டியாகப் போட்டு, கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு, மூங்கில் மத்தால் அவர் கிளறினார். அடிக்கவில்லை, பிசைந்தார் என்றே சொல்லவேண்டும். கூழ்ப் பதத்தில் வந்தது. கிண்ணம் கறுப்பு, கைக்கு அடக்கமானது. ஆசிரியை அதை இவருக்கு முன்னால் வைத்தார். அடுத்தவரைப் பார்த்துத் தலைகுனிந்து, உங்களுக்கு முன்பாகக் குடிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது முறை. உங்கள் மொழியிலேயே சொல்லலாம் என்றார்.

இவர் அண்ணையின் பக்கம் திரும்பித் தலைகுனிந்தார். "உங்களுக்கு முன்னம் குடிக்கிறன் அண்ணை. குறை நினைக்காதேங்கோ."

அண்ணை சுவரைப் பார்த்தார்.

இவர் மூன்று வாய் குடித்தார். பிறகு தந்திருந்த ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்தார். ஒரு தடவை துடைத்தால் போதும். இவர் துடைத்தார், மறுபடி துடைத்தார், கிண்ணத்தைத் திருப்பி இன்னொரு முறையும் துடைத்தார். ஊரில் தேநீர்க் கடையில் தனக்குச் சிரட்டையில் ஊற்றித் தந்ததை இவருடைய தகப்பனார் எனக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யாரிலே என்றுகூடத் தெரியாத ஆத்திரம்.

கிண்ணம் அண்ணையின் கைக்கு வந்தது. சொல்லித் தந்தபடி இரண்டு தடவை திருப்பினார். பிறகு அவர் செய்ததை ஜப்பானிலும் யாரும் செய்திருக்கமாட்டார்கள். தலையைப் பின்னால் சரித்து, வாயைத் திறந்து, கிண்ணத்தை நான்கு விரல் உயரத்தில் பிடித்துச் சரித்தார். அண்ணாந்து குடிக்கப் பார்க்கிறார்! செம்பில் தண்ணீர் என்றால் வரும். இது கூழ். விளிம்புவரை வந்து நின்றது. அண்ணை காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். கடைசியில் ஒரு துளி கனத்து விழுந்து, வாயைத் தவறவிட்டு, உதட்டுக்குக் கீழே நாடியில் ஒட்டிக்கொண்டது.

"சூடாக இருக்கிறதா?" என்று ஆசிரியை கவலையோடு கேட்டார்.

இவர் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "ஏலாட்டி விடுங்கோ அண்ணை" என்றார், மெல்ல.

அந்த 'ஏலாட்டி விடுங்கோ'தான் என்னை உடைத்தது. அந்த அறையில் யாரும் குரல் உயர்த்தக்கூடாது. நான் உயர்த்தவில்லை. ஆனால் சொன்னேன்.

"ஒண்டில் குடியுங்கோ. இல்லாட்டி இவரின்ரை வாய் பட்டதை நான் குடிக்கமாட்டன் எண்டு இவரின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன். இப்பதான் குடிச்சனான் எண்டு மட்டும் இண்டைக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது. அடுத்த விருந்தாளி ஏதோ மரியாதை வசனம் சொல்கிறார் என்று நினைத்து அழகாகத் தலைகுனிந்தார்.

அண்ணை கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் தூக்கி, உதட்டில் வைத்துக் குடித்தார். ஒரு வாய், இரண்டு, மூன்று. நான் கையை நீட்டினேன். நான்கு, ஐந்து. நிறுத்தவேயில்லை. கிண்ணத்தைச் சரித்து அடிவரை வழித்துக் குடித்துவிட்டு வெறும் கிண்ணத்தை என்னிடம் தந்தார். மீசையெல்லாம் பச்சை.

எனக்கு மிச்சமில்லை. நாற்பத்திரண்டு பவுண் கட்டணம், ஒன்றரை மணி நேரப் பயணம், இருபத்தாறு வருடக் காத்திருப்பு, கடைசியில் என் பங்கும் போய்விட்டது.

அண்ணை திரும்பினார். என் பக்கம் இல்லை. "உமக்குக் கசக்கேல்லையே?" என்று கேட்டார்.

யாரைக் கேட்கிறார் என்று விளங்க இவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "கசந்ததுதான் அண்ணை" என்றார்.

ஆசிரியை வாயைப் பொத்திச் சிரித்து, எனக்குத் தனியாக ஒரு கிண்ணம் நுரைத் தேநீர் அடித்துத் தந்தார். அது நன்றாகவே இருந்தது என்று நினைக்கிறேன். உண்மையில் ருசி ஞாபகமில்லை. போக விரும்புகிறவர்களுக்கு என் புத்திமதி ஒன்றுதான். கெட்டித் தேநீர் என்றால் கடைசி இடத்தில் இருக்காதீர்கள்.

4.40, மீண்டும் மிச்சம்.

திரும்புகிற வழியில் அண்ணை போத்தலைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"தேத்தண்ணி போடட்டோ அண்ணை?"

"இப்பதான் குடிச்சனான்" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் விழித்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது என்றாலும், இருபத்தாறு வருடத்தில் இந்த ஒரு தடவைதான் அவர் சொன்னது உண்மை. உண்மையோடு எப்படிச் சண்டை பிடிப்பது? வழக்கம்போலக் கதிரையின் நுனியில் போய் இருந்தார். எங்கள் வாசலுக்குள் வந்தால் பழையபடிதான் என்று நினைத்துக்கொண்டு, எடுத்து வைத்த மூன்று கோப்பைகளில் ஒன்றைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

ஐந்து மணிக்கு வெளியே சிநேகிதருடைய கார் ஹோர்ன் அடித்தது. அண்ணை வாசலில் குனிந்து மறுபடி சப்பாத்து நாடாவோடு போராடினார். நான் உதவப் போகவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன். இவர் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு அண்ணை பிளேன்?"

"பத்தரைக்கு. கட்விக் எயார்போட்டிலை." நாடாவை இறுக்கிக்கொண்டே, நிமிராமல் கேட்டார். "நீர் காலமை எத்தினை மணிக்கு எழும்புவீர்?"

"அஞ்சரைக்கு எழும்பிடுவன்."

"அப்ப இவன் சிநேகிதன் கடை திறக்க வரேக்கை நானும் வாறன். ஒரு ஆறரை போல." நிமிர்ந்து பையைத் தோளில் போட்டார். "தங்கச்சியிட்டைச் சொல்லும், எனக்குச் சீனி போடவேண்டாமெண்டு."

நான் இரண்டு அடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.