நடவுப் பாட்டில் இடது ஓரம் நிற்பவள்

உத்திரமேரூர் பஜாரில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் செத்தவர்களுக்காக வருகிறவர்கள். ரேஷன் கார்டில் தபால்தலை அளவுக்கு இருக்கும் முகத்தைக் கொண்டுவந்து நீட்டி, இதைப் பெரிசாக்கி, கொஞ்சம் சிரிக்கிற மாதிரி செய்துகொடு என்பார்கள். உயிரோடு இருந்தவரை சிரிக்காத மனுஷனை நான் எங்கேயிருந்து சிரிக்க வைப்பது என்று எரிந்து விழுவேன். பிறகு செய்தும் கொடுப்பேன். முப்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

சாவுக்கும் இல்லாமல் போட்டோவுக்கும் இல்லாமல் வருகிற ஒரே ஆள் பெருநகர் சுலோச்சனாம்மா. எழுபத்தொன்பது வயது. செவ்வாய்க்கிழமை தவறாமல் பஸ் பிடித்து வந்து, என் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போடச் சொல்லி, எதிரில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சுவர் முழுக்க மாலை போட்ட முகங்கள், நடுவில் செத்துப்போன நடிகர்கள் ஆடிப்பாடிக்கொண்டிருப்பார்கள். கடையில் உயிரோடு இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

பதினாறு வயதில் சித்தியோடு கோடம்பாக்கம் போனவர் அவர். இருபத்தைந்து வருஷம் கூட்டத்தில் நின்றார். ராஜசபை என்றால் சாமரம் வீசுவார், கல்யாணக் காட்சி என்றால் தாம்பாளம் ஏந்துவார், திருவிழா என்றால் ஆயிரம் தலையில் ஒரு தலை. ஒரு வசனம் கிடைத்ததில்லை, டைட்டிலில் ஒரு தடவை பெயர் வந்ததில்லை. சினிமாவுக்குப் போனவள் என்று ஊரில் பெண் கேட்டும் யாரும் வரவில்லை. இப்போது தம்பி விட்டுக்கொடுத்த ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார்.

பழைய படங்களை ரசிக்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமை உண்டு. அதை அவர் ஒரே மாதத்தில் காலி செய்துவிட்டார். நான் நட்சத்திரங்களை முன்னாலிருந்து பார்த்தவன், அவர் முதுகுப் பக்கமாகப் பார்த்தவர். பெரிய நடிகர் ஒருவர் தாயின் பிணத்தருகே அழும் காட்சி ஓடியபோது சொன்னார்:

"ஆறு தபா எடுத்தாங்க நைனா. ஆறு தபாவும் அந்தத் தோளு ரெண்டுதான் குலுங்கிச்சி, முதுவு ஆடவே இல்ல பாரு. நான் பின்னால நின்னுக்கினு நெசமாவே அழுதுட்டேன். உன்ன யாரு அழச் சொன்னான்னு டைரக்டரு திட்டினாரு."

அதற்குப் பிறகு அந்தக் காட்சியை நான் பார்த்தால் முதுகைத்தான் பார்க்கிறேன்.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. யாராவது ஒருவர் திரையைப் பார்த்துவிட்டுத் தானாக, இது நீங்கள்தானே என்று கேட்க வேண்டும். "என்ன கண்டுபுடி பாக்கலாம்" என்று வாரா வாரம் கேட்பார். என்னால் முடிந்ததில்லை. திரையில் இருப்பவள் உருண்டை முகமும் கொழு கொழு கன்னமுமாகப் பதினெட்டு வயதில் இருப்பாள். எதிரில் இருப்பவருக்குக் கன்னம் ஒட்டிப்போய்ப் பல்லும் பாதி இல்லை.

போன வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்குள் வந்தவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கவுண்டர் மேல் ஒரு படத்தைச் சட்டம் போட்டு நிறுத்தி வைத்திருந்தேன். மறுநாள் மானாம்பதியில் கொடுக்க வேண்டிய படம். இளம்பெண்ணின் முகம், நெற்றியில் நான் வைத்த பெரிய பொட்டு, கீழே எழுத்து: செங்கேணி. மறைவு 1965.

வெகுநேரம் பார்த்தார். பிறகு அலட்டிக்கொள்ளாமல் கேட்டார்.

"நைனா, நான் எப்ப செத்தேன்?"

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் படத்துக்குப் பக்கத்தில் போய், கன்னத்தோடு கன்னம் வைக்கிற மாதிரி நின்று என்னைப் பார்த்தார். இடது புருவத்தின் நடுவில் ஒரு சின்ன வெட்டு. இரண்டு முகத்திலும் ஒரே இடத்தில் இருந்தது.

நடந்தது இதுதான். மானாம்பதி அம்முலுவுக்கு அறுபத்து மூன்று வயது. மூன்று வயதில் தாய் செங்கேணியை இழந்தவர், தாய்க்குப் போட்டோ கிடையாது. தாய் சாவதற்கு முந்தின வருஷம் மானாம்பதி ஏரிக்குக் கீழே உள்ள வயலில் ஒரு படத்துக்கு நடவுப் பாட்டு எடுத்தார்கள், ஊர்ப் பெண்கள் சிலரும் அதில் இறங்கி நட்டார்கள். டூரிங் கொட்டகையில் படம் வந்தபோது, நாயகிக்கு இடது பக்கம் நிமிர்ந்து நின்று முடியை ஒதுக்குகிற பெண்ணைக் காட்டி, அதான் உன் அம்மா என்று அப்பா சொல்லியிருக்கிறார். அன்று முதல் அந்த நான்கு விநாடிதான் அம்முலுவுக்கு அம்மா. டிவியில் அந்தப் பாட்டு வந்தால் பெட்டிக்கு முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். போகிக்குப் போகி அந்த முகத்தை நினைத்துத்தான் புதுப்புடவை வைத்துப் படையல். இப்போது பேத்தி திவ்யாவுக்குக் கல்யாணம், படையலுக்குப் படம் வேண்டும் என்று போனில் பாட்டை நிறுத்திக் காட்டினார். நாயகியின் தோளை அழித்துவிட்டு, அந்த முகத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பொட்டு வைத்தவன் நான்தான்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த சுலோச்சனாம்மா மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"போகியன்னிக்கா? போகியன்னிக்கு எனுக்கு ஒரு வாய் சோறு எறங்காது நைனா. வயிறு ரொம்பினாப்புல இருக்கும். எத்தினியோ வருசமா அப்பிடித்தான் கீது."

டயர் கொளுத்துகிற புகைக்கு வாய்வு பிடித்திருக்கும் என்று சொன்னேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

"நாளைக்கு நானும் வரேன்" என்றார்.

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தால் அம்முலுவுக்கு அம்மா போய்விடுவாள். திறக்காவிட்டால் இந்த அம்மாள் உயிரோடு அந்த வீட்டில் செத்தவளாகத் தொங்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் என் கடை. அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்கூட்டரில் மானாம்பதி ஏரிக்கரையை ஒட்டிப் போனோம். கரையில் அம்முலு வீட்டார் நின்றிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாலியோடு செத்த பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அவளைத் தண்ணீரிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அம்முலு ஏரித் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, மஞ்சள் தடவி, பூச்சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இருபது பேர் வாய் பேசாமல் நடந்தார்கள். பம்பை மேளம் கூட இல்லை. வெயிலில் அவர்களுடைய கால்சத்தம் மட்டும் கேட்டது.

நான் வண்டியை ஓரங்கட்டுவதற்குள் சுலோச்சனாம்மா இறங்கி அவர்கள் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டார். சட்டம் போட்ட படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் போனேன். முன்னால் அழைத்துப்போகிறவர்கள், பின்னால் அந்த முகம். திரும்பிவிடாதே அம்முலு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே போனேன்.

வாசற்படியில் அம்முலு நின்றார். அந்த வீட்டு வழக்கப்படி, உள்ளே போகுமுன் ஒரு தடவை திரும்பிக் கேட்க வேண்டும்.

"வந்துட்டியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினார்.

கூட்டம் தானாக விலகியது. ஒரு கிழவர் கைகூப்பினார். அந்த முகத்தை எத்தனை தடவை டிவியில் பார்த்தவர்கள்! அறுபது வருஷம் கூட்டிவைத்து அதே முகம் எதிரில் நின்றால் அவர்களுக்குத் தெரியாதா? என்னால் கண்டுபிடிக்க முடியாததை இருபது பேரும் ஒரே நொடியில் கண்டுபிடித்தார்கள். அம்முலுவின் தலையில் சொம்பு நடுங்கி, தண்ணீர் அவர் முகத்தில் வழிந்தது.

"வந்துட்டியாம்மா?" என்று மறுபடியும் கேட்டார், குழந்தைக் குரலில்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வீடே அவரைத் தலையில் தூக்கி வைத்திருக்கும். சொல்லத்தான் வாய் வந்தது நைனா என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

"இல்ல கண்ணு. நான் உங்கம்மா இல்ல. அந்தப் படத்துல நிக்கிறது நான்தான். என் பேரு சுலோச்சனா. சினிமாக் கம்பெனியோட வந்தவ."

யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள். இன்னாய்யா பேஜாரு பண்ற என்று அம்முலுவின் மருமகன் கத்தினார். உள்ளேயிருந்து அம்முலுவின் மாமியார் தாயாரம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அம்முலுவின் அப்பாவுக்குத் தங்கை, எண்பத்து மூன்று வயது.

"அவன அடிக்காதீங்கடா. எனுக்குத் தெரியும், அது செங்கேணி இல்ல" என்றார். "கொட்டாயில இந்தக் கொயந்த அம்மா அம்மான்னு அலறிக்கினு கீது. எங்கண்ணன் இது வாய மூடறதுக்கு எவளோ ஒருத்தியக் காட்டிச்சி. அப்பால அத்த மாத்த எனுக்கு மனசு வர்ல."

அம்முலு சொம்பை இறக்கவே இல்லை.

"அப்ப எங்கம்மா எங்க?"

அந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்ட மாதிரியே இருந்தது, வெட்கமாக இருந்தது.

"போன குடு" என்று சுலோச்சனாம்மா திவ்யாவிடம் கை நீட்டினார். பாட்டைப் போடச் சொல்லி, தன் முகம் வந்து போனதும் நிறுத்தவில்லை. அடுத்து நாயகியின் கைகள் மட்டும் பெரிதாக வரும். சேற்றுத் தண்ணீரில் நாற்றை ஊன்றும் கைகள். அந்தக் கை நளினத்தை நான் எத்தனை பேரிடம் புகழ்ந்திருப்பேன்! அங்கே நிறுத்தச் சொன்னார்.

"இந்தக் கை கதாநாயகி அம்மாது இல்ல. அவங்களுக்கு நட வர்ல, வச்ச நாத்தெல்லாம் சாஞ்சிக்கினே இருந்துச்சி. ஊர்ப் பொம்பளைங்கள அனுப்பிட்டு ஒருத்திய மட்டும் நிறுத்திக்கினாங்க. அந்த அம்மா வளையலு அவ கையில ஏறல, நான்தான் சோப்பு போட்டு ஏத்துனேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேராண்டயும் சத்தியம் வாங்கினாங்க. அவளுக்கு இடது கை சுண்டு வெரலு பாதிதான் இருந்துச்சி. நாத்து முடிக்குள்ளாற மறைச்சிக்கோன்னாங்க. ஒரு தபா வெளிய வந்துடுச்சி, பாரு."

திவ்யா விரலால் பெரிதாக்கினாள். நாற்றுக் கட்டைப் பற்றிய கையில் சுண்டுவிரல் பாதியில் நின்றது. அதற்கு முந்தின காட்சியில் நாயகியின் விரல்கள் பத்தும் முழுசாக இருந்தன. அறுபது வருஷமாக யாரும் பார்க்கவில்லை.

தாயாரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். "எட்டு வயசுல நெல்லு அறுக்கறப்போ கருக்கருவா பட்டு பூடுச்சி" என்றார். "அது செங்கேணி கைதான்டி."

படையல் இலைக்கு முன்னால், சொம்பில் சாய்த்துப் போனை வைத்தார்கள். திவ்யா பாட்டின் சத்தத்தை அடைத்துவிட்டாள். சும்மா விட்டால் போன் இருண்டுவிடும். இருளாமல் இருக்க அம்முலு விரலால் தொடுவார், தொட்டால் படம் ஓடும். அந்தக் கை தண்ணீருக்குள் போய் ஒரு நாற்றை ஊன்றிவிட்டு மேலே வரும். திவ்யா அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவாள். மறுபடி இருளும், மறுபடி தொடுவார், மறுபடி அந்தக் கை ஊன்றும். அம்முலுவின் விரல் படும்போதெல்லாம் செத்தவள் கை அசைந்தது.

சுலோச்சனாம்மா பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். கிளம்பும்போது அம்முலு அவர் காலில் விழுந்து, உயிரோட கீறவங்களுக்குப் படைச்சிட்டேனே என்று அழுதார்.

"அழாத கண்ணு. இத்தினி வருசமா எனுக்கு யாரு வெளக்கேத்தினா? நீ ஒருத்திதான" என்றார் இவர். அந்தப் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

கடைக்கு வந்ததும் என்னிடம் நீட்டினார்.

"பேர மாத்து. சுலோச்சனான்னு பெருசா போடு. செத்த வருசத்த அழி."

"மறைவுன்ற எழுத்தையே எடுத்துடறேம்மா."

"அத்த ஏன் எடுக்கற? இருக்கட்டும். பக்கத்துல எடம் வுடு. நீதான எழுதப் போற."

திட்டிக்கொண்டேதான் செய்தேன். எழுத்துப் பிழை விழுந்து, பெயரை இரண்டு தடவை அச்சிட வேண்டியதாயிற்று. அவர் கண்ணாடி மேல் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் படித்தார். படத்தில் தன் பெயர் வந்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பைக்குள் வைக்க மாட்டேன் என்று முகம் வெளியே தெரியும்படி மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து, பஸ்ஸில் நடந்ததைச் சொன்னார். பக்கத்து சீட்டுக்காரர் படத்தைப் பார்த்திருக்கிறார், இவர் முகத்தைப் பார்த்திருக்கிறார், மறுபடி படத்தையும் கீழே இருந்த எழுத்தையும் பார்த்துவிட்டு, "இது நீங்கதானா?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமான்னு சொன்னேன் நைனா. அந்தாளு எந்திரிச்சி பின் சீட்டுக்குப் பூட்டான்."

சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வர வர, அப்படிச் சிரித்தார்.