டாக்டரய்யாவின் களைப்பு

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சரை டாக்டரய்யா என்றுதான் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பியே பார்க்கமாட்டார். எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, அதன் பையில் பேனா மாதிரி ஒரு தெர்மாமீட்டர். அதை எடுத்து யார் வாயிலும் வைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் சளிக்காய்ச்சல் வராமலிருக்க எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். லயத்து வீடுகளில் சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை. விடியற்காலைப் பனியில் நடுங்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"காய்ச்சலுங்க ஐயா. இன்னைக்கு வேலைக்குப் போக முடியாதுங்க."

"உனக்கு ஊசி போட்டதுதானே? ஊசி போட்ட ஆக்களுக்குக் காய்ச்சல் வராது. பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடு."

அப்படி எத்தனையோ பேர் காய்ச்சலோடு கொழுந்து பறித்தோம். தோட்டத்தில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, ஊசி பிரமாதம் என்று அந்த அற்ப மனுஷன் துரையிடம் பெருமையடித்தார்.

அடுத்த வாரம் அவரே கம்பளிக்குள் முனகிக்கொண்டு கிடந்தார். அவரும் ஊசி போட்டவர்தான். மருந்துக்குப் போன நான் அவர் அறை ஜன்னல் வழியே கேட்டேன்: "காய்ச்சலுங்களா ஐயா?"

"சீச்சீ! இது களைப்பு."

பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை. நம்பித்தான் சொன்னார், அதைத்தான் என்னால் இன்னும் சகிக்க முடியவில்லை. அந்தக் களைப்பைத் துரையின் காரில் ஏற்றி, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.