ஒரே பட்டறை, இரண்டு பெயர்

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர் கிடார்க்காரர். ஒரு ஸ்குரூடிரைவரை வைத்துக்கொண்டு ரிப்பேர் கடை போட்டார், வீடு கட்டினார், மகளை ஆடிட்டர் ஆக்கினார். இதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். எந்தக் கிடார் வந்தாலும் கழுத்துப்பகுதியைக் கழற்றி, உள்ளே பார்த்து, பூர்வீகம் சொல்லிவிடுவார். அவர் கழற்றாதது ஒன்றே ஒன்றுதான்: ஹாலில் தொங்கும் அவருடைய சொந்தக் கிடார். தலையில் பொன்னெழுத்தில் வெள்ளைக்காரப் பெயர். "சொக்கத் தங்கத்த யாராவது உரசிப் பார்ப்பாங்களா?" என்பார்.

மகளுக்குத் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்ள ஆசை. பையனின் அப்பா அச்சகம் வைத்திருப்பவர், முன்கோபி. அவர் கல்யாணம் பேச வருகிற அன்று மகள் காலையிலேயே எச்சரித்தாள்.

"அப்பா, உங்க பெருமைக்கு இன்னிக்கு ஒரு நாள் லீவு குடுங்க. அவரு மூஞ்சி கோணிச்சுன்னா எல்லாம் போச்சு."

"நான் என்னம்மா பேசப்போறேன்? வாயே திறக்கமாட்டேன்."

அச்சகக்காரர் மகனோடு வந்தார். கையில் ஒரு கிடார் பெட்டி.

"நீங்க கெட்டிக்காரர்னு பையன் சொன்னான். நாலாவது கம்பி இரையுது, கொஞ்சம் பாருங்க."

பெட்டியைத் திறந்தார். வளைவு, குமிழ்கள், செம்பழுப்பு நிறம் எல்லாம் ஹாலில் தொங்குவதை அப்படியே உரித்து வைத்தது போல. பெயர் மட்டும் வேறு.

கிடார்க்காரர் வாயைத் திறந்துவிட்டார். "உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க. என்னுதைப் பார்த்துச் செஞ்ச டூப்ளிகேட்டு இது."

மகள் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றாள். பையன் தரையைப் பார்த்தான். அச்சகக்காரரின் காது சிவந்தது.

"துறைமுகத்துக்கே போயி வாங்கினதுங்க. எது டூப்ளிகேட்டுன்னு உங்களதையும் கழட்டுங்க, பார்த்துடலாம்."

"என்னுதையா?"

"ஏன், பயமா?"

அப்படிக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியுமா? பின்பக்கத்து நான்கு திருகாணிகள் இதில், நான்கு அதில். இரண்டு கழுத்தும் கழன்றன. இரண்டு குழியிலும் ஒரே ஜப்பான் தொழிற்சாலையின் முத்திரை. நம்பாமல் கிடார்க்காரர் தன் கிடாரின் கழுத்தை அவருடையதில் பொருத்திப் பார்த்தார். நூல் நுழைய இடமில்லாமல் உட்கார்ந்தது.

"அப்போ என்னுதும்..." என்று இழுத்தார்.

அச்சகக்காரர் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"ஒரே சோப்புக்கு நாலு கம்பெனி உறை அச்சடிக்கிறவன் நான். செய்யறவன் ஒருத்தன், இறக்குமதி பண்றவன் தன் பேரப் போட்டுக்கறான். இது உறைக்காம இத்தனை வருஷமா பீத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

"நீங்களுமா?" கிடார்க்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வர்றவன் போறவன்கிட்டயெல்லாம். சரி, கல்யாணத்த எப்ப வச்சுக்கலாம், சம்பந்தி?"

மகள் மூச்சு விட்டாள். கிடார்க்காரருக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்தால் அவருக்கு வழியாமல் இருக்காதே. இரண்டு முத்திரைகளையும் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

"எப்பன்னாலும் சரி, சம்பந்தி. ஆனா முத்திரையில வருஷத்தக் கவனிச்சீங்களா? ரெண்டுல என்னுதுதான் மூத்தது."

"அப்பா" என்று பல்லைக் கடித்தபடி மகள் தேநீரை அவர் கையில் திணித்தாள்.

அச்சகக்காரர் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.